நாற்பத்து மூன்றாவது விலங்கு

ஹட்டனில், பேக்கரிக்கு மேலே வாடகை அறை.
சொல்லுக்கு மூன்று ரூபாய்.
அழிந்துபோன அறுபது விலங்குகள், சிறுவர் பதிப்பு.
நாற்பத்திரண்டு முடித்துவிட்டேன்.
மாமதத்துக்குத் தும்பிக்கை இருந்தது,
வாள்பல் பூனைக்குப் பல்.
எழுதச் சிரமம் இருக்கவில்லை.

நாற்பத்து மூன்றுக்கு
இருப்பது இவ்வளவுதான்:
நான்கு எலும்புத் தகடுகள்,
தாடையில் ஒரு துண்டு,
அதில் எனாமல் இல்லாத இரண்டு பல்.
ஆர்மடில்லோவுக்குத் தூரத்துச் சொந்தம்.
தென்னமெரிக்காவில் ஏதோ ஆற்றங்கரை.
மிச்சமெல்லாம் ஓவியர் போட்ட புள்ளிக்கோடு.
வால் புள்ளிக்கோடு, கால் புள்ளிக்கோடு,
அந்த நான்கு தகடு தவிர
முதுகும்.

ஆர்மடில்லோவுக்குத் தமிழ் என்ன?
பாண் வாங்க வந்த பெரியநாயகம்
படத்தை எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"அழுங்குன்னு போடுங்கக்கா.
கினிகத்தேனைப் பக்கம் ராத்திரியில பார்த்திருக்கேன்.
தொட்டா பந்தாச் சுருண்டுக்கும்."
அழுங்குக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
வேறு வம்சம், வேறு கண்டம்.
ஒரே பயம்தான்
ஒன்றின் முதுகில் நகமாகவும்
மற்றதில் எலும்பாகவும் விளைந்திருக்கிறது.

கவசம் என்று எழுதினேன்.
அடித்தேன்.
கவசமென்றால் கேட்டவருக்கு அறுத்துக் கொடுத்துவிடலாம்.
ஓடு என்று எழுதினேன்.
ஆமைக்கு ஓடு, நத்தைக்கு ஓடு, முட்டைக்கும் ஓடு.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அந்தச் சொல்
தானாக வாய் திறந்தது.

மே மாதம், விடியாத இரண்டே முக்கால்.
ஐந்தாம் லயத்துக்கு மேலே மலை
வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியபோது
என் தங்கை சகாயமேரி
காம்பராக் கதவுகளை ஒவ்வொன்றாய் அடித்துச்
சொன்ன ஒரே சொல்.
ஓடு.
எட்டுக் கதவு தட்டினாள் என்கிறார்கள்.
ஒன்பதாவதைப் பற்றிச் சொல்ல
ஆள் இல்லை.

பெக்கோ பதினொரு நாள் தோண்டியது.
கூரைத் தகடு நான்கு.
கொழுந்துக் கூடையின் பட்டி.
ஒரு கதவு,
உள்ளே கொண்டி போட்டபடி.

கிராம சேவகர் நல்ல மனிதர்.
மெதுவாகத்தான் கேட்டார்,
"தங்கச்சின்னு ஒருத்தர் இருந்ததுக்கு
என்ன இருக்கு?"
அடையாள அட்டை அவளோடு போயிற்று.
பிறப்புச் சான்றிதழில் அவள் சகாய மாரி,
தோட்டத்துச் செக்ரோலில் எஸ். மேரி.
மார்ச் மாதச் சம்பளச் சீட்டு இருந்தது:
பதினாறு பேர், ஓர் அரைப் பேர்.
அரை நாள் வேலைக்கு
எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது.
அவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
உயரம் . . . . . . . .
நிறம் . . . . . . . .
அங்க அடையாளம் . . . . . . . .

கொழும்பிலிருந்து பதிப்பாளர் பேசினார்.
"நாற்பது சொல்லாவது வேணும் மிஸ்.
என்ன நிறம், எப்படி நடந்துச்சு,
பிள்ளைங்க கேக்கும்.
கொஞ்சம் கற்பனை பண்ணிக்கலாம்."

பண்ணிக்கலாம்.
வாலுக்கு வளையம் மாட்டலாம்,
வயிற்றடியில் இரண்டு குட்டி விடலாம்.
ஒன்பதாவது கதவைத் திறக்கவைத்து
எல்லோரையும் வெறுங்காலோடு
கோயில் திடலுக்கு இறக்கிவிடலாம்.
சகாயமேரி கடைசியாக வருவாள்,
செருப்பைத் தேடிக்கொண்டு.

எழுதிக் கொடுத்தது:

இந்த விலங்கு இருந்தது.
நான்கு தகடுகளும் தாடையின் ஒரு துண்டும் கிடைத்துள்ளன.
தகடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.
பற்கள் தேய்ந்திருக்கின்றன; நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது.
மற்றது தெரியாது.

பதினெட்டுச் சொல்.
ஐம்பத்து நான்கு ரூபாய்.
ஒரு பாண் வராது.

ஜன்னலுக்கு வெளியே
மழை வரப்போகிற மலை.
நாற்பத்து நான்கு, டோடோ.
அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.